இடுப்பளவு

பலுக்குவின் வேலை எளிது.
மூங்கில் கழியின் நுனியில் ஒரு மெழுகுவத்தி.
விடியுமுன் கோமா நகருக்கு மேற்கே
எரிமலைக் குழம்பு இறுகிக் கறுத்த தரையில்
பள்ளம் பள்ளமாய்ப் போய் அதை இறக்க வேண்டும்.
சுடர் எந்த உயரத்தில் அணைகிறதோ
அந்த உயரத்தில் பாறையில் ஒரு சிவப்புக் கோடு.
நாளுக்கு நான்கு டாலர்.
பெயிண்ட் அலுவலகத்தினுடையது,
தீப்பெட்டி அவனுடையது.

முழங்கால்.
முழங்கால்.
கணுக்கால், பரவாயில்லை.
இடுப்பு.

மசூக்கு என்கிறார்கள் அங்கே.
தீய காற்று என்று அர்த்தமாம்.
காற்றென்றால் ஒரு இலையாவது ஆட வேண்டாமா?
இது தண்ணீரின் சாதி.
பாறை வெடிப்பில் ஊறி, தாழ்ந்த இடம் பார்த்துத் தேங்கும்.
குடத்தில் மொண்டு வரலாம்.
நிறமில்லை, மணமில்லை,
மூக்குக்குள் மட்டும்
சோடா குடித்த ஏப்பத்தின் காரம்.
அந்தக் காரம் ஏறிய பிறகு
மிச்சம் ஒரு மூச்சோ, இரண்டோ.

உடம்புக்கு இது அந்நியமில்லை.
ஒவ்வொரு முறையும் நாம் வெளியே துரத்துவது இதைத்தான்.
துரத்தியது கூட்டமாய்த் திரும்பி வந்தால்
ரத்தம் பதறும்,
இன்னும் இழு, இன்னும் இழு என்று நெஞ்சை நெருக்கும்.
நெஞ்சும் சொன்னபடி இழுக்கும்,
இழுப்பதெல்லாம் அதுவே.
காதுக்குள் ஒரு ரயில்.
முழங்கால் கீல் கழன்ற கதவு.
அப்புறம், பார்ப்பவர்கள்
தூங்குகிறான் என்று நினைக்கும்படி
ஏதோ ஒன்று.

தலை குனியாதே என்று
மானத்துக்காகச் சொல்லும் ஊர்கள் உண்டு.
இங்கே மூச்சுக்காகச் சொல்கிறார்கள்.
செருப்பு விழுந்தால் விட்டுவிடு.
காசு விழுந்தால் விட்டுவிடு.
விழுந்தவனைத் தூக்கக் குனிந்தவனைத்
தூக்கக் குனிந்தவன் என்று
ஒரே பள்ளத்தில் மூன்று பேர் கிடந்தார்கள் போன மழைக்காலத்தில்.

கவுகோவுக்கு இது தெரியாது.
சண்டைக்குத் தப்பி முகாமுக்கு வந்து ஒன்பது நாள்.
தார்ப்பாய்க் கூடாரம், ஒரு பானை,
ஒரு வெள்ளாடு, நான்கு வயது கசெரேக்கா.
ஆடு புல்லைத் தேடி இறங்கியது.
பையன் ஆட்டைத் தேடி இறங்கினான்.
அவன் தலை
சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே.

பலுக்கு எதிர்மேட்டிலிருந்து கத்தினான்.
நில் என்று அல்ல. நிற்க மாட்டாள், தெரியும்.
குனியாதே!
குனியாதே!

அவள் இறங்கினாள், இடுப்பு வரை,
ஆற்றில் இறங்குபவள் போல முகவாயைத் தூக்கி.
காலடியில் அவள் பிள்ளை.
பெற்றவள் முதுகு தானாக வளையும்,
யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.
அந்த முதுகைப் பிடித்து நிறுத்தினாள்,
பல்லைக் கடித்து,
வானத்தைப் பார்த்து.

பிறகு காலால் தள்ளினாள்.
சரிவில் மேலே, விலாவில் பாதம் பதித்து
ஒரு மூட்டையைப் போல
தள்ளினாள், புரட்டினாள், உதைத்தாள்.
பலுக்குவின் கழி சட்டைக் காலரில் மாட்டியது.

நீலம் பாய்ந்த உதடு.
நெடுநேரம்.
பிறகு இருமல், வாந்தி,
தலை வலிக்கிறது என்ற அழுகை.

பெற்ற பிள்ளையை மிதித்தவள் என்று
தண்ணீர் வரிசையில் இன்றும் சொல்கிறார்கள்.
விலாவில் ஐந்து விரல் தடம் கறுத்துப் பழுத்து மறைய
இரண்டு வாரம்.
ஆட்டை எடுக்க யாரும் போகவில்லை.
ஆட்டைத் தின்ன இறங்கிய காக்கைகள்
ஆட்டின் மேலேயே கிடந்தன.

இப்போது கூடாரக் கம்பில் ஒரு சிவப்புக் கோடு.
பலுக்கு போட்டுக் கொடுத்தது, கணக்கில் வராத பெயிண்ட்.
ஞாயிறுதோறும் பையனை அதனருகே நிறுத்துகிறாள்.
இன்னும் முக்கால் சாண்.

இரவில் பாயை விரித்ததும்
ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தரையோரம் நீட்டுகிறாள்.
விரல் சுடும் வரை பார்க்கிறாள்.
எரிகிறது.

சரி, படு.